காலாண்டு நிறைவு மடல்: பள்ளி வேலி குறித்துப் பெற்றோர் கவனத்திற்கு

அன்புடைய பெற்றோர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள் திருத்தும் பணி நடந்துகொண்டிருக்கிறது; விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும், பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் கபடியிலும் தொடர் ஓட்டத்திலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். வாசிப்புப் பயிற்சியில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. காலை உணவு தடையின்றி நடக்கிறது. ஒத்துழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, வேலி விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளியின் மேற்குப் பக்கத்தில் உள்ள, கிளுவை என்ற முள்மரத்தாலான உயிர்வேலியில் சுமார் 80 அடி, சென்ற ஞாயிற்றுக்கிழமை பொக்லைன் வைத்து அகற்றப்பட்டுவிட்டது. கழிப்பறைக்குப் பின்னால் பாம்பு தென்பட்டதாகப் பிள்ளைகள் வீட்டில் சொன்னதால், சில பெற்றோர்கள் சொந்தச் செலவில் இதைச் செய்திருக்கிறீர்கள். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாம்பு பயமும் நியாயமான பயம். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நடமாடும் ஊரில் பயப்படாதீர்கள் என்று சொல்வது பொறுப்பான பேச்சாகாது.

ஆனால் பாம்பை அங்கே வரவழைத்தது வேலியல்ல. கழிப்பறைக் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் குவியலும், வேலியோரம் கொட்டப்பட்டுவந்த மதிய உணவு மிச்சமும்தான் காரணம். மிச்சத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், செங்கல் இடுக்கில் இரண்டுமே தங்கும். வேலியை மட்டும் எடுத்துவிட்டுச் செங்கலை அப்படியே விட்டால் பாம்பு அதே இடத்தில்தான் இருக்கும். செம்போத்தும் கீரியும்தான் போய்விடும். பாம்பைத் தின்பவை அவை இரண்டும். இப்போது செங்கலை அப்புறப்படுத்தியாயிற்று. உணவு மிச்சம் மூடி போட்ட உரக்குழிக்குப் போகிறது. வேலியின் உட்புறம் 4 அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண் தெரியும்படி வைத்திருக்கிறோம், பாம்பு கடந்தால் கண்ணில் படும். வேலிக்கு அடியில் விழும் சருகை மட்டும் அள்ளவில்லை, வேருக்கு ஈரம் அதில்தான் தங்கும். கழிப்பறை வாசலில் விளக்கும் போட்டிருக்கிறோம்.

கடி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், வீட்டிலும் அதையே சொல்லுங்கள். கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அசையாமல் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மந்திரிக்கப் போகும் நேரம்தான் உயிரைக் குடிக்கிறது.

அடுத்து எழுதப்போவது சற்றுக் கசப்பானது.

அன்று வேலியைப் பெயர்த்தபோது முள்ளுக்குள் உறங்கிக்கொண்டிருந்த தேவாங்கு ஒன்று கிடைத்திருக்கிறது. அதை அரிசிச் சாக்கில் போட்டு, வெளியே எடுத்து, முகத்துக்கு நேரே கைபேசி வெளிச்சம் அடித்துப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் காணொளி நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது. சிரித்த முகம் போட்டுப் பதில் அனுப்பியவர்கள் பலர். வனத்துறைக்குத் தகவல் கொடுத்தவர் ஒரே ஒருவர். அவருக்கு நன்றி.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேவாங்கு, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதைப் பிடிப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான், கொன்றால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். குற்றம் உறுதியானால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. விளையாட்டுக்குச் செய்தோம், பிள்ளைகளுக்குக் காட்டினோம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. காணொளியை இன்றே அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். இனி பள்ளி வளாகத்தில் ஒரு செடியை வெட்டுவதானாலும் மேலாண்மைக் குழுவில் எழுத்துப்பூர்வமான தீர்மானம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் பொக்லைன் உள்ளே வருவது இதுவே கடைசியாக இருக்கட்டும்.

தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் அறிவித்த கடவூர் தேவாங்கு சரணாலயம், இந்த உயிருக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். திண்டுக்கல், கரூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 11,806 ஹெக்டேர். வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு, கடவூர் வட்டங்களின் காடுகள் அதில் வருகின்றன. ஆனால் சரணாலயக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகத் தேவாங்குக்குத் தெரியாது. நம் தோட்டத்து வேலி, கரட்டோரத்து உசில மரம், கோயில் காடு எல்லாமே அதற்கு வழிதான். தரையில் இறங்குவது அதற்குப் பிடிக்காது. கிளை விட்டுக் கிளை பிடித்து நகரும். குரங்கு போலத் தாவத் தெரியாது. கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த கிளை இல்லையென்றால் வேறு வழியில்லாமல் தரையில் இறங்கும், இல்லையேல் மின்கம்பியைப் பிடிக்கும். சாலையில் அடிபடுவதும் மின்சாரம் தாக்கிச் சாவதும் இப்படித்தான். 80 அடி இடைவெளி என்றால் அதற்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கால் கிலோ அளவுதான் எடை, வால் கிடையாது. பகலெல்லாம் முள்ளடர்ந்த இடத்தில் சுருண்டு தூங்கும். இரவில் வண்டு, எறும்பு, கரையான், வெட்டுக்கிளி என்று தேடித் தின்னும். விவசாயம் செய்யும் நமக்கு அதனால் லாபமே தவிர நட்டமில்லை. பார்த்தால் ஆகாது என்பதும், மாந்திரீகத்துக்கு ஆகும் என்பதும் அந்த வாயில்லா ஜீவன் மேல் நாம் ஏற்றி வைத்தவை. (மெலிந்த பிள்ளைகளை அதன் பெயர் சொல்லிக் கேலி செய்வதையும் வகுப்பறையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான்.)

இரவில் சாலையில் தேவாங்கைப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டி முன்விளக்கை அணையுங்கள். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் பட்டால் நகராமல் அப்படியே நின்றுவிடும். டார்ச் அடிக்க வேண்டியிருந்தால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி அடியுங்கள். பின்னால் வரும் வண்டியை நிறுத்தி, அதுவாகக் கடக்கும் வரை பொறுத்திருந்தால் போதும். அடிபட்டிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி போட்டு, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடிக்கும், வெறுங்கையால் தொட வேண்டாம். பாலும் வாழைப்பழமும் கொடுக்க வேண்டாம்.

அகற்றிய இடத்தில் கம்பி வேலி போடலாம் என்றும், சீமைக்கருவேலம் நட்டால் ஒரே வருடத்தில் அடர்ந்துவிடும் என்றும் யோசனைகள் வந்தன. கம்பி வேலி ஆட்டைத் தடுக்கும், அவ்வளவுதான். அதில் தையல்சிட்டு கூடு கட்டாது, கௌதாரி ஒதுங்காது. சீமைக்கருவேலம் வேண்டவே வேண்டாம். இன்று வேலியில் வைத்தால் சில வருடத்தில் பள்ளி மைதானம் முழுக்க அதுதான் நிற்கும். ஆடு மாடு காயைத் தின்று போகுமிடமெல்லாம் விதைத்துவிடும்; வெட்ட வெட்டக் கட்டையிலிருந்து துளிர்க்கும்.

மேலாண்மைக் குழுவில் பேசி, கிளுவையையே திரும்ப நடுவதென்று முடிவெடுத்திருக்கிறோம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நட்டால் தண்ணீர்ச் செலவு இல்லை. இரண்டு வரிசை, வரிசைக்கிடையே 1 அடி, போத்துக்குப் போத்து (நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டு) 1 அடி. முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசையின் போத்து வர வேண்டும். 80 அடிக்கு 160 போத்து, பட்டுப்போவதற்கு ஈடாக 40, மொத்தம் 200. பொக்லைன் பெயர்த்துப் போட்ட கட்டைகளில் பட்டை உரியாமல் முழுசாக இருப்பவை நிழலில் கிடக்கின்றன. கிளுவை சட்டென்று சாகாது, அவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். மீதிக்கு, தோட்டம் உள்ளவர்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று போத்து கொடுத்தால் போதும். காட்டுக்குள் போய் வெட்ட வேண்டாம், அது தனி வழக்காகிவிடும்.

போத்து 4 முதல் 5 அடி நீளம், கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல் மணிக்கட்டுப் பருமன் வரை இருக்கட்டும். பச்சையாக வளையும் இளங்கொம்பு அழுகிவிடும். கூரிய அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். பிய்ந்த வாயில் பூஞ்சை ஏறும். அடிப்பக்கம் சாய்வாகவும் நுனிப்பக்கம் மட்டமாகவும் வெட்டினால் நடும்போது தலைகீழாகாது. இலையை உருவிவிட்டு, நுனி வெட்டில் சாணமும் மண்ணும் குழைத்து அப்பி, 4 அல்லது 5 நாள் நிழலில் நிறுத்தி வையுங்கள். அடி வெட்டில் கசியும் பிசின் காய்ந்து வாய் மூடிக்கொள்ள வேண்டும். வெட்டிய கையோடு ஈர மண்ணில் நட்டவைதான் பெரும்பாலும் அடி கறுத்து, தொட்டால் கொழகொழத்துப் போகின்றன.

போத்தைச் சுத்தியால் அடித்து இறக்கக் கூடாது, பட்டை கழன்றுவிடும். கடப்பாரையால் 1 அடி ஆழக் குழி போட்டு, போத்தை இறக்கி, மண்ணைத் தள்ளிக் காலால் நன்றாக மிதியுங்கள். மண்ணுக்குள் வெற்றிடம் இருந்தால் வேர் காய்ந்துபோகும். நட்ட அன்று ஒரு சொம்புத் தண்ணீர், அதன்பின் மழை பார்த்துக்கொள்ளும். குறுக்குக் கழியைக் கற்றாழை நாரால் கட்டுங்கள். கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். சில வாரத்தில் துளிர் வந்துவிடும், ஆனால் துளிரை நம்பாதீர்கள். தண்டில் சேர்ந்திருக்கும் சத்திலேயே இலை வரும், வேர் அதற்கும் பிந்தித்தான் இறங்கும். பிடித்துவிட்டதா என்று ஆட்டிப் பார்க்கும் பிள்ளைகளால்தான் பாதி போத்து போகிறது, வீட்டில் சொல்லி அனுப்புங்கள். ஆட்டுக்குக் கிளுவைத் தழை என்றால் உயிர். முதல் ஆண்டு முழுக்க வெளிப்புறம் வேலாமுள் அடைத்து வைப்போம், மைதானத்தில் ஆடு விடுவதை அருள்கூர்ந்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரிசைகளுக்கு நடுவே சங்கஞ்செடி, காரை, சூரைமுள், ஆதண்டை ஆகிய முள்செடிகளை ஊன்றுவோம். பிரண்டையும் கோவையும் கேட்காமலே ஏறும். பழம் கொண்டுவந்தால் சதையைக் கழுவி, விதையை நிழலில் உலர்த்திக் கொடுங்கள். திருகுகள்ளி மட்டும் பள்ளிக்கு வேண்டாம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குன்றிமணிக் கொடியும் வேண்டாம்; விதை நஞ்சு, சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். வேலி அடர இரண்டு மூன்று ஆண்டாகும். அதுவரை தேவாங்குக்கு ஒரு வழி இருக்கட்டும் என்று, மிஞ்சிய வேலியின் இரு முனைகளையும் ஆளுயரத்தில் மூங்கில் கழிகளைக் கிடையாகக் கட்டி இணைக்கிறோம். பின்னாளில் கவாத்து செய்யும்போதும் முழு வேலியையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல், ஓராண்டு வடபாதி, மறு ஆண்டு தென்பாதி என்று வைத்துக்கொள்வோம்.

பள்ளி திறக்கும் வாரம் சனிக்கிழமை காலை 8 மணிக்கு நடவு. கடப்பாரை, அரிவாள் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். செருப்பணிந்து வாருங்கள், முள் கிடக்கிறது. மோரும் சுண்டலும் பள்ளியில் ஏற்பாடு. பொக்லைனுக்குப் பணம் போட்ட பெற்றோர்களும் தயங்காமல் வர வேண்டும். பாம்பு பயத்தை நீங்கள் எழுப்பியதால்தான் செங்கல் குவியல் அகன்றது, விளக்கு வந்தது. அதற்கு உங்களுக்கு மனமார்ந்த நன்றி. போத்து தருவதாக இப்போதே சொல்லியனுப்பிய குடும்பங்களுக்கும், சாக்கிலிருந்த அந்த உயிரைப் பத்திரமாகக் கைமாற்றிக் கொடுத்தவருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. விடுமுறையில் பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் தனியே விடாதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்