செக் நாட்டுப் பொகுஷோவிட்சேயிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? அண்ணன் இதைப் படித்துக் காட்டும்போது பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். மாமா வந்திருந்தால் அவரும் கேட்கட்டும்.

பாப்பா தனியாக எனக்குக் கடிதம் போட்டிருந்தாள். பொங்கலோடு தேவார வகுப்பை நிறுத்தியாச்சு என்று ஒரே வரி, மீதியெல்லாம் கன்றுக்குட்டி புராணம். அழுதுகொண்டே எழுதியிருப்பாள், எனக்குத் தெரியாதா? "பாட்டா சோறு போடும்?" என்று மாமா சொன்னாராம். போனில் இதைப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் கத்துவோம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்கெல்லாம் பதில். காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. புதுக் கோட்டு வாங்கவில்லை, இருப்பதே தாங்குகிறது. அரிசி இங்கே சின்னப் பிளாஸ்டிக் பையில் வரும், பையோடு கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டியதுதான். கஞ்சி வடிக்கிற வேலை இல்லை. சோறு வேகிற மணமும் இல்லை. கேன்டீனில் க்னெட்லீக்கி என்று மாவை உருட்டி வேகவைத்து, நூலால் துண்டு போட்டு, மேலே குழம்பு ஊற்றித் தருவார்கள். வயிறு நிறைகிறது. கூட இருந்த மன்னார்குடித் தம்பி பிராக்குக்கு வேலை மாறிப் போய்விட்டான், அறை தாராளமாக இருக்கிறது. குடோனில் இப்போது நைட் ஷிப்ட் இல்லாததால் இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். வேறொன்றும் இல்லை, நீ கவலைப்படாதே.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, மாடிப்படியில் சத்தம் கேட்டால் தடியால் கம்பியைத் தட்டுகிறவர். பாப்பா பாடி அனுப்பியதை ஒரு ராத்திரி போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டினார்கள். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், மறுபடி போடு என்று சைகை காட்டினார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவராம். பாடுவது யார் என்று கேட்டார், தங்கை என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்து ஊரான டெரெசீனுக்குக் கூட்டிப்போனார். நடந்தே போய்விடலாம்.

நான் தினமும் வேலைக்கு ரயில் ஏறுகிற இந்த ஸ்டேஷனில்தான் 1941 நவம்பரிலிருந்து ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. குழந்தை, கிழவர் எல்லோரும் மூட்டையைச் சுமந்துகொண்டு டெரெசீன் கோட்டைக்கு நடந்திருக்கிறார்கள். தண்டவாளத்தைக் கோட்டைக்குள்ளேயே கொண்டுபோனது 1943இல்தான். பாட்டியின் அம்மா பிறந்த ஊர் அது. 1942இல் ஊர்க்காரர்களையெல்லாம் ஜெர்மானியர் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சிப்பாய்களையும் சேர்த்து ஏழாயிரம் பேர் இருந்த ஊரில் அந்த வருஷமே 58,000 பேருக்கு மேல் அடைத்தார்கள். பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். கிழக்கே கொலை முகாம்களுக்கு ரயிலேற்றியது அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்.

மாமா, இதை நீங்கள் கேட்கவேண்டும். அந்த ஊரில் ரஃபாயெல் ஷெக்டர் என்று ஒருவர் இருந்தார். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவர்களை ராத்திரி நிலவறையில் கூட்டி வைத்துப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். சுமார் 150 பேர். கையில் இருந்த இசைப் புத்தகம் ஒன்றே ஒன்று. ஓதுவார் ஐயா சொல்லச் சொல்ல நம் பிள்ளைகள் படிப்பதுபோல வாய்வழியாகவே மனப்பாடம் செய்தார்கள். வெர்டி என்ற இத்தாலியர் செத்தவர்களுக்காக எழுதிய பெரிய பூசைப் பாட்டு, லத்தீனில். தீர்ப்பு நாள் வரும், தண்டனைக்குத் தப்புவது எதுவும் இல்லை என்று அதில் வருகிறது. ரயில் பாடகர்களைக் கொண்டுபோகப் போக, புது ஆட்களைச் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்படியே 16 தடவை அரங்கேற்றியிருக்கிறார்கள். யாரும் அவர்களைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நேரத்தில் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

குழந்தைகளும் ஒரு நாடகம் பாடினார்கள், பெயர் ப்ருண்டிபார். ஹான்ஸ் க்ராசா இசையமைத்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பால் வாங்கக் காசில்லை, அண்ணனும் தங்கையும் சந்தையில் நின்று பாடுகிறார்கள். ஒரு கொடுமைக்காரன் விரட்டுகிறான். குருவியும் பூனையும் நாயும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து அவனை ஜெயிக்கிறார்கள். அந்தக் கொடுமைக்காரன் யார் என்று பார்த்த எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. யூதர் என்று காட்ட எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய மஞ்சள் நட்சத்திரம், மேடையில் நிற்கும் நேரம் மட்டும் இல்லாமல் இருக்கலாம். 55 தடவை நடந்தது. 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்க்க வந்தபோது, சுவருக்கு வெள்ளையடித்து, ரோஜாச் செடி நட்டு, இதையும் காட்டி ஏமாற்றினார்கள். கூட்டம் கண்ணில் படக்கூடாது என்று அதற்கு முந்தின மாசம்தான் 7,503 பேரை ஔஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்டோபர் 16ஆம் தேதி ரயிலில் க்ராசாவும் போனார், ஷெக்டரும் போனார். இரண்டு பேரும் திரும்பவில்லை. பாடிய பிள்ளைகளிலும் பெரும்பாலோர் திரும்பவில்லை.

பாட்டு அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லவரவில்லை மாமா. ஆனால் அலிசே ஹெர்ஸ்-சோமர் என்ற அம்மாள் அங்கே நூறு கச்சேரிக்கு மேல் பியானோ வாசித்திருக்கிறார். அவருடைய ஆறு வயசு மகன் அந்த நாடகத்தில் குருவி. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த அம்மாள் 110 வயசு வரை இருந்து 2014இல் லண்டனில் இறந்தார், கடைசிவரை வாசித்தார். சோறு இல்லாத இடத்தில் பாட்டுக்கு அப்படி ஓடியிருக்கிறார்கள். நம் வீட்டில் சோறு இருக்கிறதே.

திரும்பி வரும் வழியில் பாட்டி அந்த நாடகத்தில் வரும் தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது அம்மா. நீ விளக்கேற்றுவாய், பாப்பா பாடுவாள், நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இந்நேரம் அங்கே இருந்தால் என்ன என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பாட்டி பார்க்காததுபோல் நடந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டியூஷன் சாயங்காலம் இருப்பதால்தான் வகுப்பு தடைப்படுகிறது என்றால், சனி ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் ஓதுவார் ஐயாவை நேரில் போய்க் கேட்கட்டும். வெறுங்கையோடு போகவேண்டாம், வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துப் போகட்டும். பஸ் காசு என் கணக்கு. அத்தை பெண் கல்யாணத்துக்கு மொய் ஐயாயிரம் எழுதிவிடு, அதற்குக் குறைத்தால் பேச்சு வரும். கொல்லைப்புறத்து ஓடுகளை மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். பசுவை இப்போதைக்கு விற்க வேண்டாம். பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீசில் கொடுத்த ரசீதை அண்ணன் படம் பிடித்து எனக்கு அனுப்பட்டும். நீ மாத்திரையை விடாமல் போடு.

இப்படிக்கு,
உன் சின்னவன்