சின்னக் குழுக்களுக்கு வருசா வருசம் காசு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் அன்னதானம், தைப்பூசத்துக்கு தண்ணீர்ப் பந்தல், ஊர்ல புயல் வெள்ளம்னா நிவாரணம், வசதியில்லாத புள்ளைங்களுக்கு படிப்புச் செலவு, இப்படி எதுக்குக் கேட்டாலும் நம்ம சிங்கப்பூர்த் தமிழ் ஆளுங்க யோசிக்காம குடுப்பாங்க, அதுல எனக்கு ரொம்பப் பெருமை. ஆனா லீவு நாள்ல விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயி கடற்கரையில குப்பை பொறுக்குறவங்க, சதுப்புநிலத்துக்கு புள்ளைங்கள கூட்டிட்டுப் போயி சொல்லிக்குடுக்குறவங்க, கடல்புல்ல அளந்து எழுதி வைக்கிறவங்க, இவங்களுக்கும் காசு வேணும்ங்கிறது நம்மள்ல நிறைய பேருக்குத் தோணவே மாட்டேங்குது. "அதெல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும்பா, என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) இருக்குல்ல"ன்னு முடிச்சிடுறாங்க. அதப்பத்திதான் இந்தக் கடிதம்.

அரசாங்கம் பாத்துக்குது, உண்மைதான். ஆனா அரசாங்கம் பாக்குறதுக்கு முன்னாடி அந்த இடத்தப் பாத்தது யாரு? வடக்குக் கரையோரம் இருக்கிற சுங்கை பூலோ சதுப்புநிலத்த எடுத்துக்குங்க. 1986ல பறவை பாக்கப் போன சில பேர்தான் அங்க எவ்வளவு வலசைப் பறவை வருதுன்னு கவனிச்சு, இத காப்பாத்தணும்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தாங்க. 1993ல அது இயற்கைப் பூங்காவா திறந்துச்சு, 2002ல இயற்கை வனப்பகுதி அந்தஸ்து கெடச்சுச்சு. 1992ல லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்து ஓரத்துல காட்ட அழிச்சு கோல்ஃப் மைதானம் போடப் போறாங்கன்னு தெரிஞ்சப்ப இயற்கைச் சங்கத்துக்காரங்க அங்க என்னென்ன உயிரினம் இருக்குன்னு ஒரு அறிக்கையே தயார் பண்ணாங்க, பொதுமக்கள் கிட்ட கையெழுத்து வாங்குனாங்க, அந்தத் திட்டம் நின்னுச்சு. புலாவ் உபின் தீவுல இருக்கிற செக் ஜாவாங்கிற கடலோரமும் அப்படித்தான். கடல மண்ணப் போட்டு மேடாக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் தொண்டூழியர்கள் 2001ல தண்ணி வத்துற நேரமா பாத்துப் போயி ஒண்ணொண்ணா பதிவு பண்ணாங்க, ஜனங்க கூட்டம் கூட்டமா போயி பாத்தாங்க, 2002 ஜனவரியில அந்த வேலைய தள்ளிவைக்கிறதா அறிவிப்பு வந்துச்சு. இன்னைக்கு நம்ம புள்ளைங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து போயி நடக்குற மரப்பாதை அங்கதான் இருக்கு. இதுல எதுவும் ஆபீஸ்ல உக்காந்து ஆரம்பிச்சது இல்ல, காலு சேத்துல பொதிய நின்ன ஆளுங்க ஆரம்பிச்சது.

இப்ப உதவி இல்லாம இல்ல. 2020ல 50 மில்லியன் வெள்ளியோட எஸ்ஜி ஈக்கோ ஃபண்டுன்னு அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் நிதி வந்துச்சு, அதுல சின்ன அளவுல செய்யிறவங்களுக்குன்னு ஸ்ப்ரௌட்னு ஒரு பிரிவும் இருக்கு, 10,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தோட சேர்ந்து இயங்குற கார்டன் சிட்டி ஃபண்டு 2002லேர்ந்து இருக்கு, அது பதிவு பண்ண அறநிறுவனம், பொதுமக்களும் கம்பெனிங்களும் அதுக்குக் குடுக்குறாங்க, மரம் நடுறதுக்கு நன்கொடை குடுத்து குடும்பமா போயி நடுறவங்க நம்ம ஆளுங்கள்லயும் இருக்காங்க. இதெல்லாம் நல்ல விஷயம், நான் குறை சொல்ல வரல.

என் ஆதங்கம் வேற. பெரும்பாலும் நிதி கெடைக்கிறது 'ப்ராஜெக்ட்'டுக்கு. ப்ராஜெக்ட்னா ஒரு ஆரம்பம், ஒரு முடிவு, கடைசியில ஒரு ரிப்போர்ட், ஃபோட்டோ. ஆனா இயற்கை வேலைங்கிறது அப்படி முடியிற வேலை இல்லீங்க. நான் கூடமாட உதவிக்குப் போற ஒரு சின்னக் குழு ஒரு இடத்துல நிதி கேட்டு விண்ணப்பம் போட்டுச்சு. கையுறை, வாளி, பூதக்கண்ணாடி வாங்க சம்மதிச்சாங்க, ஆனா குப்பைய ஏத்திட்டுப் போற வேனுக்கும், வழிகாட்டிங்களுக்குக் குடுக்குற பயிற்சிக்கும், வர்றவங்களுக்குப் போடுற இன்ஷூரன்ஸுக்கும் அடுத்த வருசத்துக்கு எதுவும் இல்லன்னுட்டாங்க. கையுறை பத்திரமா பெட்டியில இருக்கு, வேனுக்கு ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் சொந்தக் காசப் போடுறாரு. எத்தனை நாளைக்கு போடுவாரு?

அந்த வேலை எப்படி இருக்கும்னு பாக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். வடக்குக் கரையோரம், கிராஞ்சி லிம் சூ காங் பக்கம், யாரோ விட்டுட்டுப் போன வலை சேத்துல பொதஞ்சு கெடக்கும். தண்ணி வத்துனதும் பாத்தா அதுல குதிரைலாட நண்டு மாட்டிக்கிட்டு மல்லாக்கக் கெடக்கும், ஒவ்வொரு காலுலயும் நைலான் நூலு நாலஞ்சு சுத்து சுத்தியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தா காலு பிஞ்சு வந்துடும், அதனால சின்னக் கத்திரிக்கோல வச்சு ஒவ்வொரு கண்ணியா அறுக்கணும், வால புடிச்சுத் தூக்கவே கூடாது, ஓட்டோட ரெண்டு பக்க ஓரத்தையும் புடிச்சு மெதுவா திருப்பணும், திருப்பி விட்டதும் கொஞ்ச நேரம் அசையாம இருந்துட்டு அப்பறம் சேத்த தள்ளிக்கிட்டு தண்ணியப் பாத்து நகர ஆரம்பிக்கும். ஒண்ண விடுவிக்கவே ரொம்ப நேரம் புடிக்கும், அதுக்குள்ள தண்ணி ஏற ஆரம்பிச்சிடும். டைனோசருக்கு முன்னாடிலேர்ந்தே இருக்கிற சாதி அது, நம்ம கடல்ல ரெண்டு வகை இருக்கு, சதுப்புநிலத்துல ஒண்ணு, கடலோரத்துல ஒண்ணு. பெருசாகி முட்டை போடவே அதுக்கு பல வருசம் ஆகும். அப்படிப்பட்டதுக்கு ஒரு வருச நிதிய குடுத்துட்டு என்ன பலன்னு கேட்டா குழுக்காரங்க என்னத்த எழுதுவாங்க?

கடல்புல்லும் அதே கதைதான். நம்ம கடல்ல 12 வகை இருக்கு, டீம் சீகிராஸ் தொண்டூழியர்கள் 2007லேர்ந்து செக் ஜாவா மாதிரி இடங்கள்ல கயிறு கட்டி, தரையில சதுரச் சட்டகம் வச்சு, எவ்வளவு பரப்புல இருக்குன்னு அளந்துக்கிட்டே வர்றாங்க. இத்தனை வருசமா விடாம அளந்ததுனாலதான் கூடுதா கொறையுதான்னு சொல்ல முடியுது. நடுவுல ரெண்டு வருசம் காசில்லன்னு நிறுத்தியிருந்தா அந்த ரெண்டு வருசக் கணக்கு போனது போனதுதான், அப்பறம் எத்தனை மில்லியன் குடுத்தாலும் திரும்பப் போயி அளக்க முடியாது. 1819லேர்ந்து இந்தத் தீவுல இருந்த உயிரினங்கள்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல அழிஞ்சிடுச்சுன்னு 2023ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அதுல நிறைய இனம் யாரும் பேரு எழுதி வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருக்கும்னு நெனச்சாலே மனசு கஷ்டமா இருக்கு.

சொல்லிக்குடுக்குற வேலை இன்னொரு பக்கம், இதுலதான் நம்ம ஆளுங்க நிறைய செய்ய முடியும்னு நான் நம்புறேன். பாசிர் ரிஸ் பூங்காவுல சதுப்புநிலக் காடு இருக்கு, நல்ல நடைபாதை போட்டிருக்காங்க, சக்கர நாற்காலிகூட போகும். ஒரு தடவை நம்ம பேட்டை ஆளுங்க கொஞ்ச பேரு தாத்தா பாட்டி பேரப்புள்ளைங்கன்னு சேந்து போயிருந்தோம், வழிகாட்டியா வந்த தம்பி தமிழ்ப் புள்ளை, தமிழ்லயே சொன்னாரு. சேத்துலேர்ந்து பென்சில் பென்சிலா நிக்கிற வேர காமிச்சு இது எதுக்குன்னு கேட்டதும் புள்ளைங்க முழிச்சுதுங்க, ஒரு பாட்டி மட்டும் "மூச்சு விடத்தான் தம்பி, எங்க முத்துப்பேட்டையில இந்த அலையாத்திதானே காடு காடா நிக்கிது"ன்னு சொன்னாங்க. அப்பறம் அந்தத் தம்பி ஒதுங்கிக்கிட்டாரு, பாட்டிதான் பேசுனாங்க. படகுல வாய்க்கா வழியா போறது, எறால் புடிக்கிறது, சுனாமி வந்தப்ப அந்தக் காடு எப்படி மறிச்சு நின்னுச்சுன்னு ஊர்ல பேசிக்கிட்டது எல்லாத்தையும் சொன்னாங்க. கீழ உளுவை மீனு துடுப்ப ஊணிக்கிட்டு சேத்துல தத்தித் தத்திப் போகுது, அவங்க பேரன் கம்பி மேல தொத்திக்கிட்டு "பாட்டி இத சாப்பிடுவீங்களா"ன்னு கேக்குறான். வீட்டுல பாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசாத புள்ளைன்னு அவன் அம்மா சொன்னாங்க. இந்த மாதிரி தமிழ்ல கூட்டிட்டுப் போற நடை மாசம் ஒண்ணு நடக்கணும்னா ஒரு பத்து வழிகாட்டிங்கள தயார் பண்ணணும், தண்ணியில நனையாத படத்தாள் தமிழ்ல அச்சடிக்கணும், முதியோருக்கு பஸ் ஏற்பாடு பண்ணணும். இதுக்கு மில்லியன் வேண்டாம், ஆனா அடுத்த வருசமும் வரும்னு நம்பிக்கையான காசு வேணும்.

அதுக்கு நம்மகிட்ட வழி தெரியாமலா இருக்கு? வேலை பாக்குற இந்தியர் சம்பளத்துலேர்ந்து மாசா மாசம் சிண்டாவுக்கு, அதான் நம்ம இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, ஒரு சின்னத் தொகை போகுது, யாருக்கும் பாரமா தெரியல, ஆனா அத வச்சு எத்தனை புள்ளைங்க டியூஷன் படிச்சு மேல வந்திருக்குங்க. சின்னக் காசு, நிறைய பேரு, நிக்காம வர்றது, இதுதான் ரகசியம். அதே மாதிரி இயற்கைக் குழுவுக்கும் மாசம் அஞ்சு வெள்ளியோ பத்து வெள்ளியோ ஜைரோவுல, அதாவது வங்கிக் கணக்குலேர்ந்து தானா போற மாதிரி, குடுக்க நம்மால முடியும். ஐபிசி அந்தஸ்து, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு கெடைக்கிற அந்தஸ்து, இருக்குற அறநிறுவனத்துக்குக் குடுத்தா 250 சதவீதம் வரிக்கழிவு இருக்கு, அதாவது 100 வெள்ளி குடுத்தா 250 வெள்ளி வருமானத்துக்கு வரி இல்ல, அடையாள அட்டை நம்பர குடுத்துட்டா வரித்துறையான ஐராஸ் தானா கணக்குல சேத்துக்கும். கிவிங் எஸ்ஜிங்கிற நன்கொடை இணையத்தளத்துல தேடுனா சுற்றுச்சூழல்னு தனியாவே வரும், பத்து நிமிசம் உக்காந்து படிச்சுப் பாத்து உங்களுக்குப் புடிச்ச குழுவ எடுத்துக்கலாம். குடுக்கும்போது, முடிஞ்சா, இதுக்கு மட்டும் அதுக்கு மட்டும்னு கட்டிப்போடாம, நடைமுறைச் செலவுக்கும் வச்சுக்குங்கன்னு குடுங்க. வேன் வாடகைக்கு ஃபோட்டோ எடுத்துப் போட முடியாதுதான், ஆனா வேன் வரலைன்னா பொறுக்குன குப்பை கரையிலயே கெடந்து அடுத்த அலையில கடலுக்கே போயிடும்.

நிதி குடுக்குற பெரிய இடங்களுக்கும் கம்பெனிங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு குழு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா மூணு வருசம், அஞ்சு வருசம்னு சேத்துக் குடுங்க, தொகை கொறஞ்சாலும் பரவால்ல. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி உக்காந்து ஃபார்ம் நிரப்புறவங்கதான் இந்தக் குழுவெல்லாம் நடத்துறாங்க, வருசா வருசம் அதே கேள்விக்கு அதே பதில எழுதுற நேரத்துல ரெண்டு வழிகாட்டிங்கள பழக்கிடலாம்.

நம்ம தமிழ் அமைப்புங்க, கிராமச் சங்கங்க, முன்னாள் மாணவர் சங்கங்க, சமூக மன்ற நற்பணிக் குழுக்கள் எல்லாம் வருசத்துக்கு ஒரு குடும்ப தினமாவது கடற்கரையிலயோ சதுப்புநிலத்துலயோ வைக்கலாம். குப்பை பொறுக்குறது எப்படி, எத தொடலாம் எத தொடக்கூடாதுன்னு குழுக்காரங்களே வந்து சொல்லித்தருவாங்க. தமிழ் ஆசிரியர்களும் யோசிச்சுப் பாருங்க, வாய்மொழித் தேர்வுக்கு சுற்றுச்சூழல் பத்தி மனப்பாடம் பண்ணவைக்கிற நேரத்துல ஒரு நாள் நேருல கூட்டிட்டுப் போனா புள்ளைங்க தானா பேசும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்குறேன். தமிழ் தெரிஞ்ச வழிகாட்டிங்க நடத்துற இயற்கை நடை, கடற்கரைத் துப்புரவு எல்லாம் எங்க எப்ப நடக்குதுன்னு வாரம் ஒரு தடவை பேப்பர்ல ஒரு ஓரமா போட்டீங்கன்னா, இணையத்துல தேடத் தெரியாத பெரியவங்களும் வருவாங்க. தகவல் திரட்டித் தர்ற வேலைய நாங்க சில பேரு சேந்து செய்யத் தயாரா இருக்கோம்.

நன்றி.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகர்