அலியின் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் மலாய்த் தீவுக்கூட்டப் பயணம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1854 முதல் 1862 வரை எட்டு ஆண்டுகள், 1,25,660 உயிரின மாதிரிகள், அவற்றில் 8,050 பறவைகள் என்று கணக்கெல்லாம் சரியாகவே இருக்கிறது. அலி என்ற பெயர்தான் ஓரிடத்திலும் காணோம். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

1855-இல் போர்னியோ தீவின் சரவாக்கில், தமக்கு உதவியாகவும் மலாய் மொழி பழகவும் வாலஸ் சேர்த்துக்கொண்ட இளைஞர் அலி. நன்றாகச் சமைப்பார். சீக்கிரமே பறவை சுடவும், தோலைக் கிழியாமல் உரிக்கவும், பாடம் செய்யவும் கற்றுக்கொண்டார். அது லேசான வேலையா? அந்த வெப்பத்தில் பறவையின் உடல் வெகுநேரம் தாங்காது. உரித்த தோலில் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவி, எறும்பும் நாயும் தொடாமல் காயவைத்து எடுக்க வேண்டும்.

1858-இல், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பச்சான் தீவில் ஒருநாள் வேட்டையிலிருந்து திரும்பிய அலி, இடுப்பு வாரில் தொங்கிய பறவை ஒன்றை எடுத்துக் காட்டினார். மார்பில் பச்சைப் பளபளப்பு. இரு தோள்களிலும் இரண்டிரண்டாக நீண்ட வெள்ளை இறகுகள். அறிவியல் உலகம் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை! அதற்கு வாலஸின் பெயரைச் சூட்டினார்கள். வாலஸைக் குறை சொல்ல மாட்டேன்; அலி கொண்டுவந்த பறவை என்பதை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். அவரைப் படித்துவிட்டு எழுதுகிற நாம்தான் விட்டுவிடுகிறோம்.

மதுரையில் நான் படித்த கல்லூரியின் விலங்கியல் கூடத்தில், பாடம் செய்த பறவைகள் நிறைந்த கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. பனங்காடை, மரங்கொத்தி, கூகை என்று ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு. எல்லாச் சீட்டிலும் பேராசிரியர் பெயர். அவற்றைப் பாடம் செய்தவரோ எங்கள் அட்டெண்டர். ஓர் இறகு கலையாமல் அவர் பஞ்சு அடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பணி ஓய்வு நாளில் மாலை போட்டார்கள். சீட்டில் அவர் பெயர் கடைசிவரை ஏறவில்லை.

மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்குள்ள வல்லூறுகளைப் பற்றி உங்கள் இதழிலும் படித்தேன். எந்தப் பாறை இடுக்கில் அவை அமரும் என்று எனக்குக் கைகாட்டிச் சொன்னவர் அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். உங்கள் நிருபர்கள் அத்தகையவர்களிடம் பெயர் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் வெளியிட வேண்டும்.

1907-இல் அதே பகுதியிலுள்ள தெர்னாத்தே தீவுக்குப் போன அமெரிக்க இயற்கையியலாளர் தாமஸ் பார்பரிடம் முதியவர் ஒருவர் வந்து, தம் பெயர் அலி வாலஸ் என்று சொன்னாராம். கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட்டு, அந்தப் பெயரை அதில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.