விசா பற்றித் தவறான தகவல் தந்ததால் கப்பல் பயணம் தடைபட்டது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் பார்சிலோனாவிலிருந்து கிளம்பிய உங்கள் கப்பலில் ஏழு இரவுப் பயணத்துக்கு அப்பா, அம்மா, நான் என மூன்று பேருக்கு முன்பதிவு செய்திருந்தேன். எங்களில் ஒருவர்கூடக் கப்பல் ஏறவில்லை. செக்-இன் கவுன்டரில் அம்மாவின் விசாவைப் பார்த்த ஊழியர், இதை வைத்துக்கொண்டு பயணம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மாவைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு மற்ற இருவரும் போக மனம் வரவில்லை.

அம்மாவிடம் இருந்தது ஒருமுறை மட்டுமே நுழையக்கூடிய ஷெங்கன் விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா. ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 01 என்று அச்சாகியிருந்தது. எனக்கும் அப்பாவுக்கும் பலமுறை நுழையும் விசா. உங்கள் கப்பல் மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ் போய், துனிசுக்குப் பக்கத்திலுள்ள லா கூலெட் துறைமுகத்தைத் தொட்டு, பிறகுதான் பார்சிலோனா திரும்புகிறது. துனீசியா ஷெங்கன் பகுதியில் இல்லை. நேப்பிள்ஸை விட்டுக் கிளம்பியதுமே அம்மா ஷெங்கனைவிட்டு வெளியேறியவர் ஆகிவிடுவார். பார்சிலோனாவில் இறங்குவது அவருக்கு இரண்டாவது நுழைவு. துனிசில் கரையில் கால் வைக்காமல் கேபினிலேயே இருந்தாலும் இதே கணக்குதான் என்று அந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார். அவர் மீது எனக்குத் துளியும் குறை இல்லை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் நிறுவனத்துக்கு அபராதம் உண்டு, அவரைத் திருப்பி அனுப்பும் செலவும் அந்த நிறுவனத்தையே சேரும். அவர் செய்தது சரி.

என் குறை எல்லாம் அதற்கு ஏழு வாரம் முன்னால் நடந்ததைப் பற்றியது. அம்மாவின் விசா கைக்கு வந்த அன்றே 01 என்ற எண் எனக்கு உறுத்தியது. அன்று மாலையே உங்கள் உதவி எண்ணில் அழைத்து, வழியில் துனிஸ் வருகிறதே, ஒருமுறை நுழைவு விசா போதுமா என்று இதே சொற்களில் கேட்டேன். "புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வருவதால் பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தது. வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க அப்போது நேரம் இருந்தது. உங்கள் பதிலை நம்பித்தான் அந்த நேரத்தை விட்டுவிட்டோம்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அதே துறைமுகத்தில் இறங்கும் சில பயணங்களில், அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையும் இருந்தால் போதும். அந்த ஊர் விதியை மத்தியதரைக் கடலில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டோடு போகும் எங்களுக்கும் பொருத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. பதில் சொன்னவருக்கு யாரும் இந்த வேறுபாட்டைச் சொல்லித் தரவில்லை.

எழுத்தில் நீங்கள் தந்தது அதைவிடக் குறைவு. உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் "செல்லுபடியாகும் பாஸ்போர்ட், தேவையான விசாக்கள்" என்று ஒரே வரி. பாஸ்போர்ட் பயணம் முடிந்து 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஷெங்கன் விதி கேட்பது, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம்தான். பாஸ்போர்ட் வழங்கப்பட்டு 10 ஆண்டுக்குள் இருக்கவும் வேண்டும். ஆனாலும் நீங்கள் கேட்டீர்கள் என்று அப்பா தன் பாஸ்போர்ட்டை அவசரமாகப் புதுப்பித்தார். அதை எழுத முடிந்த உங்களால் "இந்தப் பயணத்துக்குப் பலமுறை நுழைவு விசா தேவை" என்ற ஆறு சொற்களை ஏன் எழுத முடியவில்லை? எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதை ஆன்லைன் செக்-இன்னில் கேட்டு வாங்குகிறீர்கள். கப்பல் எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதை முடிவு செய்வதும் நீங்கள்தான்.

டோவரிலிருந்து கலே போகும் ஃபெர்ரியில் நாங்கள் முன்பு போயிருக்கிறோம். அங்கே டோவரிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கிறார்கள். எல்லை தாண்டுகிறோம் என்பது பயணிக்குக் கண்ணெதிரே தெரிகிறது. சொகுசுக் கப்பலில் அது தெரிவதில்லை. இரவு தூங்கி எழுந்தால் வேறு நாடு, வார முடிவில் பழைய துறைமுகம். அதனால்தான் இந்த எச்சரிக்கை ஃபெர்ரியைவிடக் கப்பல் பயணத்துக்கே அதிகம் தேவை.

ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று உங்கள் நிபந்தனைகளில் இருப்பதை அறிவேன். அந்தப் பொறுப்போடுதான் உங்களிடமே கேட்டேன்.

மூவரின் பயணக் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். நாங்கள் ஏறாத கப்பலுக்காக வசூலித்த துறைமுக வரியை எந்த நிலையிலும் நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்து, என்ன சொல்லப்பட்டது என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஷெங்கனைவிட்டு வெளியேறித் திரும்பும் ஒவ்வொரு பயணத்தின் முன்பதிவுப் பக்கத்திலும், பணம் கட்டும் முன்பே, நுழைவு எண்ணிக்கை பற்றிய குறிப்பு வர வேண்டும். அம்மா அன்று கவுன்டர் முன்னால் எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

கடல்வழிப் பயணிகள் உரிமை குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குமுறையின் 24ஆம் பிரிவின்படி, 2 மாதக் கெடுவுக்குள் இந்தப் புகாரை அளிக்கிறேன். அதே பிரிவின்படி புகாரின் நிலையை 1 மாதத்துக்குள்ளும் இறுதிப் பதிலை 2 மாதத்துக்குள்ளும் நீங்கள் தெரிவிக்க வேண்டும். அம்மாவின் விசாப் பக்கம், உறுதிப்படுத்தல் மின்னஞ்சல், நான் அழைத்த நாளும் நேரமும் காட்டும் தொலைபேசிப் பதிவு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த பயணி