தடம் போடுற சட்டம் (ஃபிரேம்) செய்யணும், கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம். பனி விழ ஆரம்பிக்கறதுக்குள்ள நம்ம ஸ்கீ பாதைய, அதாவது கால்ல நீளப் பலகை மாட்டி பனில வழுக்கிட்டுப் போற பாதைய, சீர்பண்ற சாமான் ரெண்டு செஞ்சு முடிச்சாகணும், உங்க உதவி இல்லாம அது நடக்காது, அதான் பாதைக் குழு சார்பா இத எழுதறேன்.

போன சீசன்ல நம்ம பாதைல ஸ்கீ பண்ணவங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுப் பனி விழுந்த மறுநாள் முழங்கால் வரைக்கும் புதையும், ரெண்டு நாள் வெயிலடிச்சு ராத்திரி உறைஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், ஸ்கீ எங்கயுமே பிடிக்காது. பனிய அது பாட்டுக்கு விட்டா இப்படித்தான். வயல உழுது பரம்படிக்கிற மாதிரி இதையும் கிளறி, அமுக்கி, மட்டம் பண்ணணும். கிளறிவிட்ட பனித்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுக சில மணி நேரம் ஆகும், அதனாலதான் சாயங்காலம் குளிர் ஏற ஏற இந்த வேலைய முடிச்சுட்டு ராத்திரி பூரா யாரும் மிதிக்காம விடறோம். அப்படி விட்ட பாதைல காலைல முதல் ஆளா போய்ப் பாருங்க, ஸ்கீ சரசரன்னு போகும், ஊன்றுகோல் குத்தினா குத்தின இடத்துல நிக்கும்.

இதுக்குன்னே பெரிய மெஷின்லாம் இருக்கு, ஆனா நம்ம மாதிரி சின்ன குழுவுக்கு கட்டுப்படியாகாது, குறுகலான காட்டுப் பாதைல அது திரும்பவும் இடம் பத்தாது. நம்மகிட்ட இருக்கறது ஒரு பழைய ஸ்னோமொபைல், அதாவது பனில ஓடுற சின்ன மோட்டார் வண்டி. பின்னாடி இழுக்கற சாமானத்த நாமளே செஞ்சுக்கலாம், செஞ்சும் காட்டிட்டோம்.

முதல்ல பழைய இரும்புக் கட்டிலோட ஸ்பிரிங் சட்டத்த கயித்துல கட்டி இழுத்தோம். சமதரைல நல்லாவே மட்டம் பண்ணுச்சு. இறக்கத்துல ஸ்பீட குறைச்சதும் சட்டம் வழுக்கிட்டு வந்து வண்டியோட பின்பக்கம் மோதிடுச்சு, ஓட்டினவருக்கு அடிபடாதது நல்லதாப் போச்சு. அன்னைக்கே கயித்த தூக்கிப் போட்டுட்டு இரும்பு பைப்ப முக்கோணமா வெல்டிங் பண்ணி மாட்டினோம், இப்போ சட்டம் வண்டிய விட்டு விலகாது, கிட்டவும் வராது. இன்னொரு நாள் கொட்டகைக்குள்ள இருந்த சட்டத்த அப்படியே இழுத்துட்டு போயிட்டோம், இரும்புல இருந்த சூட்டுக்கு பனி உருகி, ஒட்டி, திரும்ப உறைஞ்சு, அடில கட்டி கட்டியா தொங்குச்சு, பாதைய மட்டம் பண்றதுக்கு பதிலா கோடு கோடா கீறிட்டே போச்சு. இப்போ கிளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே வெளில எடுத்துப் போட்டு ஆறவிடறோம். வேகமா ஓட்டினா பாதை அலை அலையா ஆயிடும்னும் பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டோம்.

இந்த வருஷம் செய்ய நினைக்கறது ரெண்டு சாமான். முக்கியமானது தடம் போடுற சட்டம். கிளாசிக் ஸ்டைல்ல, அதாவது ரெண்டு ஸ்கீயையும் இணையா வச்சு நேரா முன்னாடி தள்ளிப் போறவங்களுக்கு ரெண்டு ஸ்கீக்கும் ரெண்டு பள்ளக்கோடு வேணும், நடுவுக்கு நடு சுமார் 22 சென்டிமீட்டர், ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர். புதுசா கத்துக்கற குழந்தைகளும் வயசானவங்களும் தடத்துக்குள்ள கால வச்சுட்டாங்கன்னா ஸ்கீ பக்கவாட்டுல ஓடாது, பயம் பாதி போயிடும், எனக்கு இந்த வேலைல இருக்கற ஆசையே அதுதான். சட்டத்துல ஒரு லிவர் வைக்கணும், ஏன்னா செங்குத்தான இறக்கத்துலயும் கூர்மையான வளைவுலயும் தடம் போடக்கூடாது, அங்க ஸ்கீய விரிச்சு பிரேக் பிடிக்க இடம் வேணும், அந்த இடம் வந்தா தடம் அழுத்தற கட்டைய லிவரால தூக்கிக்கணும். ரெண்டாவது ஒரு ரோலர், புதுப் பனி நிறைய விழுந்த அன்னைக்கு முதல்ல அமுக்கறதுக்கு. அகலமான பிளாஸ்டிக் வடிகால் பைப் கிடைச்சா போதும், நடுவுல அச்சு போட்டுக்கலாம்.

வீட்டுப் பின்னாடி சும்மா கிடக்கற ஆங்கிள் அயர்ன், இரும்பு பைப், பழைய கம்பிவலை வேலி எதுவானாலும் கொடுங்க, துரு பிடிச்சிருந்தாலும் பரவால்ல, தேய்ச்சு எடுத்துக்கறோம். மேல பாரம் வைக்க சிமென்ட் கல்லு வேணும். வெல்டிங் தெரிஞ்சவங்க ரெண்டு சனிக்கிழமை வந்தா பெரிய உபகாரம், எங்கள்ல ஒருத்தருக்குத்தான் அது ஒழுங்கா வருது, பாவம் அவரே எல்லாத்தையும் இழுத்துப் போட்டு செய்யறாரு. தடம் அழுத்தற கட்டைக்கு அடில ஒட்டற வழுவழு பிளாஸ்டிக் ஷீட், வண்டியோட மாட்டற கொக்கி, போல்ட்டு, வெல்டிங் ராடு, பெட்ரோல் இதெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்கணும், அதுக்குத்தான் பணமா கேக்கறோம். உங்களால எவ்வளவு முடியுதோ அவ்வளவு, சின்னத் தொகைன்னு தயங்கவே வேண்டாம். வாங்கற ஒவ்வொண்ணுக்கும் பில்லு ஒரே நோட்டுல ஒட்டி கொட்டகைலயே வச்சிருப்போம், எப்ப வேணா வந்து புரட்டிப் பாருங்க.

பொருள் கொடுக்கறவங்க குழுல யார்கிட்ட வேணா சொல்லுங்க, நாங்களே வந்து தூக்கிக்கறோம். பெயின்ட் கொடுக்கறதா இருந்தா கருப்பு மட்டும் வேண்டாம், வெயில்ல சூடேறி பனி ஒட்டிக்கும், மஞ்சள் மாதிரி வெளிர் கலரா பாத்து கொடுங்க.