படிப்பை நிறுத்தாதே, மகளே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் மனம் ஆறவில்லை. நேரில் சொன்னால் முழுதாகச் சொல்ல விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, எங்களிடம் இருக்கும் உன் சின்னவள் உன்னிடம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பதற்காக, மதுரையில் படிக்கும் நர்சிங் படிப்பையே நிறுத்திவிடுவதாகச் சொல்கிறாய். நீ இங்கே வைத்துவிட்டுப் போன குழந்தைநலச் செவிலியப் புத்தகத்தை அம்மா எடுத்து, தாயைப் பிரிந்த குழந்தையைப் பற்றிய பகுதியை எனக்குத் தமிழில் சொன்னாள். முதலில் அழுது அடம்பிடிக்கும், பிறகு சோர்ந்து ஒடுங்கும், கடைசியில் தாயே வந்து நின்றாலும் ஒட்டாது. மூன்று படிகளுக்கும் நீயே பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய்.

இதையெல்லாம் லண்டனில் கூர்ந்து கவனித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியை 1952-இல் படமெடுத்தே காட்டினார். பெற்றோர் நினைத்த நேரத்தில் வார்டுக்குள் போக முடியாத காலம் அது. 1959-இல், ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றி அங்கே அரசுக் குழு தந்த பிளாட் அறிக்கை வந்துதான் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்றது. அந்தக் குழந்தைகளைச் சுற்றி இருந்தவர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறும் முன்பின் தெரியாத ஆட்கள். உன் மகளோ அம்மாச்சியின் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அண்ணனின் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். அன்றைக்கும் நீ கிளம்பும் நேரத்தில் உன் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளே, அதை ஏன் நீ கணக்கில் சேர்க்கவில்லை?

அம்மா ஏ.என்.எம். என்ற கிராமச் செவிலியர் பயிற்சிக்குப் போன 18 மாதமும் நீ அப்பத்தாவிடம்தான் இருந்தாய். விடுமுறைக்கு அம்மா வந்தால் அப்பத்தாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். இரவானால் அம்மாவின் பக்கத்தில்தான் படுப்பாய். அம்மாவிடம் உனக்கு இப்போது என்ன குறை இருக்கிறது, சொல்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை விளையாடும்போது கொல்லைப்பக்கமாக நழுவிப் போகாதே. பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சொல்லாமல் போனால் அடுத்த முறை நீ அடுக்களைக்குப் போனாலும் பின்னாலேயே ஓடிவருவாள். முன்வாசலில் நின்று, "அம்மா பஸ்ஸில் போகிறேன், சனிக்கிழமை வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போ. அழுதால் அழட்டும், நாங்கள் தூக்கிக்கொள்கிறோம். நீ உடுத்திய பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் விட்டுச் செல். ராத்திரியில் அதை விரித்துப் படுக்க வைக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஊர்ப்பட்ட துணியை ஊறப்போட்டு, கறி வாங்கிக் குழம்பு வைத்து, இரவெல்லாம் நோயாளியைக் கவனிக்கும் திட்டமான கேர் பிளான் எழுதுகிறாய். பிள்ளைகளுக்கு நீ எங்கே கிடைக்கிறாய்? துணியை அம்மா பார்த்துக்கொள்வாள். ரெக்கார்டு நோட்டுகளைக் கொண்டுவா, அட்டை போட்டு, கட்டங்கள் கோடு போட்டு வைக்கிறேன். பஸ்ஸில் ஆண்டுக்கணக்காக டிரிப் ஷீட் எழுதிய கை, கோடு கோணாது. நைட் டியூட்டி முடித்து வரும் வாரத்தில் முதலில் தூங்கு. சின்னவளைக் குளிப்பாட்டுவதும் பெரியவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதும் மட்டும் உன் வேலை.

பிள்ளைகளை விட்டுவிட்டு என்ன படிப்பு என்று கல்யாண வீட்டில் கேட்டார்களாம். மாப்பிள்ளை திருப்பூரில் தங்கி வேலை பார்ப்பதை யாராவது கேட்டார்களா? அவரிடமும் பேசிவிட்டேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பரீட்சை நெருங்கும்போது இன்னும் கூடுதலாக வரச் சொல்வேன், அவர் தட்டமாட்டார்.

டிப்ளமோ முடித்த நர்ஸுகள் பட்டத்துக்காகப் படிக்கும் இந்த போஸ்ட் பேசிக் இரண்டே வருடம். அதில் ஒரு வருடம் முடியப்போகிறது. இந்தப் பட்டம் இருந்தால் எம்.எஸ்சி.க்கும் போகலாம், நர்சிங் பள்ளியில் பாடம் எடுக்கவும் போகலாம் என்று சேரும்போது எனக்கு விளக்கியவள் நீதான். பணத்தைப் பற்றி யோசிக்காதே, இந்தத் தவணையைக் கட்டிவிட்டேன்.

கல்லூரி அலுவலகத்தில் எதையும் எழுதிக் கொடுக்காதே. மைக்ரோபயாலஜி பரீட்சை என்றைக்கு என்று அம்மாவிடம் சொல், அந்த வாரம் பிள்ளைகளை மதுரைக்கே அழைத்துவருகிறோம்.

இப்படிக்கு,
அப்பா