தரைப்பூச்சின் தேய்மான எண்ணை முழுமையாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் சிமென்ட் தரைமேல் எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூச்சு போட விரும்பும் சிறு தொழில்முனைவோருக்கு வரும் விலைப்புள்ளிகளில், ‘தேய்மானம் 50 மில்லிகிராம்’ என்பதுபோல ஒற்றை எண் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. அது எந்தச் சோதனை நிலையில் கிடைத்த எண் என்பதைச் சொல்லாமல் விடுவது வாங்குபவருக்குப் பெரும் இழப்பில் முடிகிறது என்பதைத் தரைப்பூச்சு ஆய்வுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

இந்த எண்ணைத் தரும் டேபர் என்னும் தேய்மானச் சோதனையில், பூச்சு பூசிய தகட்டைச் சுழலவிட்டு, அதன்மேல் இரண்டு உராய்வுச் சக்கரங்களை எடையேற்றி அழுத்தி, சுற்றுகள் முடிந்தபின் தகட்டின் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். இச்சக்கரங்களில் பல வகை உண்டு: சி.எஸ். 10 சக்கரம் மென்மையாகத் தேய்க்கும்; சி.எஸ். 17 அதைவிடக் கடுமையானது; எச். 22 இன்னும் முரட்டுத்தனமானது. ஆகவே சக்கரம், எடை, சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இல்லாத மில்லிகிராமை வேறொரு பூச்சின் மில்லிகிராமோடு ஒப்பிடவே முடியாது. மூன்றும் ஒன்றாக இருந்தாலும், அடர்த்தி மிகுந்த பூச்சு அதே கன அளவு தேயும்போது கூடுதல் எடையை இழக்கும் என்பதால், தரைக்கு எடையிழப்பைவிடக் கன அளவு இழப்பே முக்கியம் என்பது என் கருத்து.

தொழிற்கூடத்தின் நிலைமையோ சோதனைத் தகட்டைவிடக் கடுமையானது. லேத் பகுதியில் சிதறும் இரும்புப் பிசிறு, சரக்குத் தட்டுகளைத் தூக்கி நகர்த்தும் பேலட் டிரக்கின் பாலியூரித்தேன் சக்கரத்தில் பதிந்துகொள்கிறது. பாரத்துடன் அந்த வண்டியை வாசலருகே நின்ற இடத்திலேயே திருப்பும்போது, முதலில் பளபளப்பு மங்கி, பிறகு வில்போன்ற கீறல்கள் விழுந்து, கடைசியில் சாம்பல் நிறக் கான்கிரீட் எட்டிப்பார்க்கிறது. நேராக ஓடும் பாதையோ பெரிதாகத் தேய்வதில்லை.

தேய்மானம் என்று புகார் வரும் இடங்களில் பல, உண்மையில் பூச்சு உரிந்த இடங்களே. கான்கிரீட்டின் மேலே படிந்து காய்ந்த சிமென்ட் பாலை வைரக்கல் கொண்டு அரைத்தெடுக்காமல் பூசினால், எவ்வளவு உறுதியான எபாக்சியும் அந்தப் பலவீனமான படலத்தோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைக்குள் வேலையை முடிக்கும் அவசரமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அந்நாள்களில், தரையின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்காமல் பூசுவதும், முழுமையாக இறுக ஏறத்தாழ 7 நாள் தேவைப்படும் பூச்சின்மீது மறுநாளே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதும் வேதனை தருகின்றன.

எனவே, தொழிற்பேட்டைச் சங்கங்களும் ஒப்பந்தப்புள்ளி கோரும் அரசுத் துறைகளும், தேய்மான எண்ணுடன் சக்கரம், எடை, சுற்றுகள், பூச்சின் தடிமன் ஆகியவற்றையும், பூச்சு தரையோடு எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்று பூசிய தரையிலேயே இழுத்துப் பார்க்கும் இழுப்புச் சோதனையின் முடிவையும் கட்டாயம் கேட்க வேண்டும். இழுப்பு வலிமைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் என்ற வழக்கமான குறைந்தபட்ச அளவை நிபந்தனையாக வைக்கலாம். முழு வேலையையும் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைப்பதற்கு முன், வண்டிகள் அதிகம் திரும்பும் மூலையில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மாதிரிப் பூச்சு போடச்சொல்லி, அது நன்கு இறுகியபின் சில வாரங்கள் வண்டி ஓட்டிப் பார்க்குமாறும் உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை